ஆறு சேராத ஏரி

உலகில் நாம் அறிந்த ஏரிகளில் மிகப் பெரும்பாலானவை ஆற்றின் தயவிலே வாழ்பவை. எங்கோ ஒரு சிகரத்தில் பிறந்து, காடும் மேடும் கடந்து, வழியெல்லாம் வண்டலையும் சருகையும் வாரிக்கொண்டு வரும் வெள்ளம், ஒரு பள்ளத்தில் சிறிது காலம் தங்கி, மறுபுறம் வழிந்து தன் பிரயாணத்தைத் தொடர்கிறது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள ஓரிகன் மாகாணத்தில், காஸ்கேட் மலைத்தொடரின் மேல், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 6,170 அடி உயரத்தில் கிடக்கும் கிரேட்டர் லேக் என்னும் ஏரிக்கோ ஆறு ஒன்றும் வந்து சேர்வதில்லை. அதிலிருந்து ஆறு ஒன்றும் புறப்படுவதுமில்லை. வானிலிருந்து விழும் மழையும் பனியுமே அதன் வரவு; சூரியன் உறிஞ்சுவதும் பாறை இடுக்குகளின் வழியே கசிவதுமே அதன் செலவு. 1,943 அடி ஆழமுள்ள இந்நீர்நிலை ஐக்கிய அமெரிக்க நாட்டிலேயே ஆழத்தில் முதன்மையானது என்பதும், அதன் நீலம் வேறெங்கும் காண்பதற்கு அரியது என்பதும் பலர் கேள்விப்பட்ட செய்திகள். அந்த நீலத்துக்கும் தெளிவுக்கும், இன்று அதற்கு நேர்ந்திருக்கும் கவலைக்கும்கூடக் காரணம், அதனுள் எது வந்து சேர்ந்தது, எது சேரவில்லை என்ற ஒரே வினாவில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஏரி இருக்குமிடத்தில் ஒரு காலத்தில் ஒரு மலை இருந்தது. மஸாமா என்று இப்போது நாம் அழைக்கும் அந்த எரிமலை, சுமார் 12,000 அடி உயரத்துக்கு, பனி மூடிய சிரத்தோடு நின்றது. அது ஒரே நாளில் எழுந்த மலையன்று. நான்கு லட்சம் ஆண்டுகளுக்கு மேலாக, ஒன்றன்மேல் ஒன்றாக வழிந்து இறுகிய பாறைக்குழம்பினால் சிறுகச் சிறுக வளர்ந்தது. அத்தனை நீண்ட காலம் வளர்ந்த மலை அழிவதற்குச் சில தினங்களே போதுமாக இருந்தன. ஏறக்குறைய 7,700 ஆண்டுகளுக்கு முன்னர் அதன் வடபுறத்தில் ஒரு வாய் திறந்து, நுரைக்கல்லும் சாம்பலும் வானளாவ எழுந்தன. பின்னர் மலையைச் சுற்றி வட்டமாகப் பல வாய்கள் பிளந்தன. செந்தணலான நுரைக்கல் வெள்ளம் பள்ளத்தாக்குகளின் வழியே 40 மைல் தூரம் வரையில் பாய்ந்து, கண்ட மரத்தையெல்லாம் கருக்கிற்று. வெளிப்பட்ட பாறைக்குழம்பின் அளவு சுமார் 12 கன மைல் என்று மதிப்பிடுகிறார்கள். அதன் சாம்பல் அமெரிக்காவின் வடமேற்கு மாகாணங்கள் பலவற்றையும் தாண்டிக் கனடாவின் தென்பகுதியிலும் படிந்தது. கிரீன்லாந்தின் பனிப்படலத்திலும் அதன் துகள்கள் அகப்பட்டிருக்கின்றன.

அவ்வளவு பெரிய சிகரம் எங்கே போயிற்று என்பதைப் பற்றிப் பூகர்ப்ப சாஸ்திரிகளிடையே நெடுங்காலம் விவாதம் நடந்தது. வெடித்துச் சிதறித் தூளாய்ப் பறந்துவிட்டது என்று சிலர் கருதினர். அப்படியானால் அந்தப் பழைய மலையின் கற்கள் சுற்றுப்புறத்தில் மலைமலையாகக் குவிந்து கிடக்கவேண்டுமன்றோ? தேடிப் பார்த்தால் கிடப்பவை பெரும்பாலும் புதிதாய் வெளிவந்த நுரைக்கல்லும் சாம்பலுமேயன்றிப் பழைய சிகரத்தின் பாறைகள் அல்ல. ஹோவெல் வில்லியம்ஸ் என்னும் அறிஞர் அப்பிரதேசத்தை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து 1942-இல் வெளியிட்ட நூலில், சிகரம் மேலே பறக்கவில்லை, கீழே அமிழ்ந்தது என்று நிலைநாட்டினார். அடியிலே தாங்கிக்கொண்டிருந்த பாறைக்குழம்பு வெளியேறி அந்த அறை வெறுமையானவுடன், கால்களைப் பிடுங்கிய பந்தலைப்போல மலையின் தலைப்பகுதி அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. எஞ்சியது ஆறு மைல் நீளமும் ஏறக்குறைய ஐந்து மைல் அகலமும் கொண்ட, செங்குத்தான சுவர்களையுடைய ஒரு மகா பள்ளம்.

அந்தப் பள்ளத்தில் உடனே நீர் நிற்கவில்லை. அடித்தளம் கொதித்துக்கொண்டிருந்தது, புதிய எரிமலைகள் சில அதனுள்ளேயே முளைத்தன. அவற்றில் ஒன்று, விசார்ட் தீவு என்ற பெயரோடு, ஏரியின் மேற்கு ஓரத்தில் நீர்மட்டத்துக்கு மேல் 750 அடிக்குக் குறையாமல் கூம்பு வடிவில் இன்றும் நிற்கிறது. அதன் உச்சியிலும் ஒரு சிறு குழி உண்டு. தளம் ஆறியபின் ஆண்டுதோறும் பெய்த மழையும் பனியும் சேர்ந்து சேர்ந்து, எழுநூறு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் ஏரி இன்றுள்ள மட்டத்தை அடைந்தது. அதற்குமேல் அது பெருகாமல் நிற்பது வடபுறச் சுவரில் நீர் ஊடுருவும் தன்மையுள்ள ஒரு பாறை அடுக்கு இருப்பதனால். மட்டம் உயர்ந்தால் கசிவும் ஆவியும் மிகுகின்றன, தாழ்ந்தால் குறைகின்றன. ஆண்டொன்றுக்குச் சராசரியாக 40 அடிக்கு மேல் பனி கொட்டும் இடத்தில், நூறாண்டுகளாக ஏரியின் மட்டம் மிகச் சிறிதளவே ஏறியிறங்கி வந்திருக்கிறது என்பது வியக்கத்தக்க ஒரு சமநிலை.

இந்தப் பிரளயத்தைக் கண்ணால் கண்ட மனிதர்கள் இருந்தார்கள். 1938-இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூதர் கிரெஸ்மன், ஏரிக்கு வடகிழக்கே ஃபோர்ட் ராக் என்ற இடத்திலுள்ள குகையொன்றில், மஸாமாவின் சாம்பலுக்கு அடியில், புதர்ப் பட்டையினால் பின்னப்பட்ட பாதரட்சைகள் பலவற்றைக் கண்டெடுத்தார். ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையவை என்று பின்னர்க் கணிக்கப்பட்ட அவை, சாம்பல் விழுவதற்கு முன்பே மக்கள் அங்கே குடியிருந்தனர் என்பதற்குச் சாட்சி. அப்பிரதேசத்தின் பூர்வகுடிகளாகிய கிளாமத் மக்கள், கீழுலகத்தின் தலைவனாகிய லாவோவும் மேலுலகத்தின் தலைவனாகிய ஸ்கெல்லும் செய்த யுத்தத்தைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். இரு மலைச்சிகரங்களில் நின்று அவர்கள் நெருப்பையும் பாறையையும் ஒருவர்மீது ஒருவர் வீசினார்கள் என்றும், முடிவில் லாவோ தோற்று, அவன் நின்ற மலை அவன்மீதே சரிந்து அவனைப் பாதாளத்தில் அடைத்தது என்றும், அந்தப் பள்ளத்தைப் பிறகு நீர் வந்து மூடியது என்றும் அக்கதை கூறுகிறது. மலை பறக்கவில்லை, அமிழ்ந்தது என்று விஞ்ஞானம் 1942-இல் தெளிந்த முடிவை, எழுத்தில்லாத ஒரு சமூகம் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாய்மொழியில் காத்துவந்திருக்கிறது என்றெண்ணும்போது, நாட்டுக்கதைகளை வெறும் கற்பனை என்று தள்ளிவிடும் பழக்கத்தை நாம் மறுபரிசீலனை செய்யவேண்டியிருக்கிறது. கிளாமத் மக்களுக்கு அந்த ஏரி காட்சிப்பொருளன்று. விரதமிருந்து தரிசனம் நாடிச் செல்லும் புனித ஸ்தலம்.

வெள்ளையர் கண்ணில் அது பட்டது தற்செயலாக. 1853-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி, தொலைந்துபோனதாகச் சொல்லப்பட்ட ஒரு தங்கச் சுரங்கத்தைத் தேடிச் சென்ற ஜான் வெஸ்லி ஹில்மன் என்ற இளைஞர், தாம் ஏறிவந்த கோவேறு கழுதை திடீரென்று நின்றுவிட்டதனால் குனிந்து பார்த்தபோது, காலடியில் ஏரி கிடந்தது. தங்கம் தேடியவர்களுக்கு நீலத்தால் பயனில்லை; கண்டதைச் சொல்லிவிட்டு அவர்கள் தம் வழியே போனார்கள். அந்த ஏரியைப் பாதுகாக்கவேண்டும் என்ற எண்ணம் உதித்தது அதைக் கண்டவர் உள்ளத்திலன்று. வில்லியம் கிளாட்ஸ்டன் ஸ்டீல் என்ற பள்ளிச்சிறுவன், ஆயிரம் மைலுக்கு அப்பால் கான்ஸஸ் மாகாணத்தில், 1870-இல், தன் மதிய உணவைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில் ஓரிகனிலுள்ள ஓர் அதிசய ஏரியைப் பற்றிப் படித்தான் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1885-இல், அவர் அதன் கரையில் வந்து நின்றார். அன்று முதல் அது தனியார் கைக்குப் போகாமல் தேசத்தின் பொதுச்சொத்தாக இருக்கவேண்டும் என்று ஓயாமல் மனுப்போட்டார். ஆட்டுமந்தை வைத்திருந்தவர்களும் மரவியாபாரிகளும் எதிர்த்தனர். 17 ஆண்டுக்காலம் நடந்த அந்த முயற்சி, 1902 மே 22-ஆம் தேதி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தினால் தேசியப் பூங்காவாக நிறைவேறிற்று.

ஸ்டீலின் முயற்சிகளுள் 1886-இல் நடந்த ஆழம் காணும் வேலை தனியே சொல்லத்தக்கது. பூகர்ப்ப ஆய்வுத்துறையின் கேப்டன் கிளாரன்ஸ் டட்டன் தலைமையில், போர்ட்லண்டில் கட்டிய கிளீட்வுட் என்ற படகை ரயிலில் ஏற்றி, பிறகு குதிரைவண்டியில் மலைப்பாதையில் இழுத்து, கடைசியில் செங்குத்தான சுவரின்மேல் கயிறு கட்டி நீரில் இறக்கினார்கள். பியானோ வாத்தியத்துக்குரிய கம்பியின் நுனியில் ஈயக் குழாயைக் கட்டி, 168 இடங்களில் விட்டுப் பார்த்தார்கள். அவர்கள் கண்ட பெரும் ஆழம் 1,996 அடி. நூற்றுப்பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 2000-இல், ஒலி அலைகளைச் செலுத்தித் தளம் முழுவதையும் அளந்தபோது கிடைத்தது சற்றேறக்குறைய 1,943 அடி. கம்பியையும் கையையும் நம்பிச் செய்த வேலை இத்துணைச் சிறிய வித்தியாசத்தோடு நின்றதைப் போற்றாமல் இருக்க முடியவில்லை.

இனி அந்த நிறத்துக்கு வருவோம். மேற்கு விளிம்பிலுள்ள வாட்ச்மன் என்ற குன்றின்மேல் நண்பகலில் நின்று பார்ப்பவருக்கு, கீழே இருப்பது தண்ணீர் என்று மனம் உடனே ஒப்புவதில்லை. சாயத்தொட்டியிலும் இத்தகைய கனத்த நீலம் இராது. வானத்தின் பிரதிபிம்பமே நீரின் நீலம் என்று ரேலே போன்ற பெரும் விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் எழுதியிருந்தனர். 1921-இல் இங்கிலாந்திலிருந்து நார்க்குண்டா என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த நம் சி. வி. ராமன், மத்தியதரைக் கடலின் நிறத்தைக் கண்டு அந்தக் கொள்கையை ஐயுற்றார்; நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தடுத்துவிடும் நிகோல் என்ற பட்டகத்தின் வழியே பார்த்தபோதும் நீலம் மறையவில்லை, மேலும் தெளிவாயிற்று. நீரின் அணுக்கூட்டங்களே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் எழுதினார். அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியே 1928-இல் அவருக்கு உலகப்புகழ் தந்த கண்டுபிடிப்பாக முடிந்தது. இதனோடு மற்றொன்றையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். சூரிய ஒளியிலுள்ள சிவப்பு, மஞ்சள் முதலிய நிறங்களைத் தூய நீர் ஆழம் செல்லச் செல்ல விழுங்கிவிடுகிறது. விழுங்கப்படாமல் நெடுந்தூரம் இறங்கும் நீலமே சிதறி மேலே திரும்புகிறது. வண்டலோ பாசியோ மிகுந்த நீரில் அந்த நீலம் பாதிவழியிலேயே மாசுபட்டுப் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். கிரேட்டர் லேக்கில் வண்டல் சுமந்துவர ஆறு இல்லை. ஆகவே ஒளி தங்கு தடையின்றி இறங்குகிறது.

நீரின் தெளிவை அளக்க, ஸெக்கி என்ற இத்தாலிய வானசாஸ்திரியின் பெயரால் வழங்கும், கறுப்பும் வெள்ளையும் தீட்டிய சிறு தட்டொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிப்பார்கள். சாதாரண ஏரிகளில் அது சில அடிகளிலேயே மறைந்துவிடும். இங்கே நூறடி வரையில் தெரிவது சகஜம். 1997-இல் 140 அடிக்கு மேலும் தெரிந்தது. சூரிய ஒளி இவ்வளவு தூரம் இறங்குவதனால், நூறடிக்கு மேற்பட்ட ஆழத்திலும் நீர்ப்பாசிச் செடிகள் கம்பளம் விரித்தாற்போல வளர்கின்றன. 1980-களின் பிற்பகுதியில் ஒரே மனிதர் அமர்ந்து செல்லும் சிறிய நீர்மூழ்கிக் கப்பலில் விஞ்ஞானிகள் அடித்தளத்துக்கே இறங்கிச் சென்றபோது, அங்கே வெதுவெதுப்பான ஊற்றுகள் கசிவதையும், அவற்றைச் சூழ்ந்து நுண்ணுயிர்ப் படலங்கள் வளர்வதையும் கண்டார்கள். மேலே உறைபனி, கீழே இன்னும் முற்றிலும் அணையாத அக்கினி. அந்த எரிமலை உறங்குகிறதேயன்றி இறந்துவிடவில்லை.

ஏரியின் குடிகளுள் ஒருவரை அறிமுகம் செய்யாமல் மேலே செல்ல மனமில்லை. முப்பது அடி நீளமுள்ள ஊசியிலை மரத்தின் தண்டொன்று, படுத்து மிதக்காமல், நிமிர்ந்து நின்றபடியே இந்த ஏரியில் மிதந்துகொண்டிருக்கிறது. நீருக்கு மேல் தெரிவது நான்கடி, எஞ்சியதெல்லாம் உள்ளே. 1896-இலேயே அதைக் கண்டவர்கள் உண்டு. ஏரியின் கிழவர் என்று அழைக்கிறார்கள். 1938-இல் கோடை மூன்று மாதங்கள் அதன் சஞ்சாரத்தைக் குறித்துவைத்ததில், காற்றின் போக்கில் அது 60 மைலுக்கு மேல் சுற்றியிருந்தது தெரியவந்தது. குளிர்ந்த தூய நீரில் மரம் எளிதில் அழுகுவதில்லை என்பதே அத்தண்டின் தீர்க்காயுளுக்குக் காரணம்.

நேரில் காண விரும்புகிறவர்கள் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களையே தேர்ந்தெடுப்பது உத்தமம். ஏரியைச் சுற்றியுள்ள 33 மைல் சாலை ஆண்டில் பாதிக்கு மேல் பனியில் புதைந்துகிடக்கும்; ஜூனில் சென்று, மூடிய சாலையைக் கண்டு திரும்பினவர்கள் பலர். பூங்காவிலேயே உயரமான ஸ்காட் மலையின் மீது ஏறினால் ஏரி முழுவதையும் ஒரே பார்வையில் அடக்கலாம். தென்கிழக்குப் பகுதியில், பாய்மரக் கப்பலின் வடிவில் நீருக்குள் நிற்கும் கரும்பாறையொன்றுண்டு. அது பழைய மலையின் மிகப் பூர்வமான எலும்புகளில் ஒன்று, வயது சுமார் நான்கு லட்சம் ஆண்டுகள். தண்ணீரைத் தொடவேண்டுமானால் வடபுறத்திலுள்ள கிளீட்வுட் இறக்கம் ஒன்றே வழி. ஒரு மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தில் 700 அடி இறங்கவேண்டும். இறங்குவது சுலபம், அந்த உயரத்தின் மெல்லிய காற்றில் திரும்ப ஏறுவதுதான் மூச்சு வாங்கும். செப்பனிடும் பொருட்டு அப்பாதையை மூடிவிடுவதும் உண்டாதலால் முன்னதாக விசாரித்துச் செல்வது நன்று. கோடையின் உச்சத்திலும் மேல்நீரின் வெப்பம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சுற்றியே நிற்கும். ஆழத்தில் எக்காலமும் 38 டிகிரி. கையை நனைத்தவுடன் விரல்கள் மரத்துப்போகின்றன. உள்ளங்கையில் அள்ளினால் அந்த நீருக்கு நிறமே இல்லை.

இத்தகைய ஏரிக்குத் தீங்கு வந்தது அதை வெறுத்தவர்களாலன்று. 1888-இல் ஸ்டீல், இவ்வளவு அழகான நீரில் மீன் இல்லாதிருப்பது ஒரு குறை என்று கருதி, வாளியில் மீன்குஞ்சுகளைச் சுமந்துகொண்டு மலையேறினார். வழியில் மாண்டவை போக உயிரோடு ஏரியில் சேர்ந்தவை சில டஜன்களே. அதன்பின் 1941 வரையில் பல இன மீன்கள் விடப்பட்டு, இரண்டு இனங்கள் நிலைத்தன. அம்மீன்களுக்கு இரையாகட்டும் என்று 1915-இல், கொடுக்குகளையுடைய நன்னீர் இறால் இனமொன்றையும் கொண்டுவந்து விட்டார்கள். இரையாக வந்தது ஏரிக்கு எஜமானனாகிவிட்டது. இந்த ஏரிக்கே உரியதான, பல்லியைப் போன்ற தோற்றமும் தவளைக்கு உறவுமுடைய நியூட் என்னும் சிறு பிராணி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பகைவரின்றி வாழ்ந்தமையால், அதன் இனத்தார்க்கு வேறிடங்களில் உள்ள கொடிய விஷத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. இறால்கள் பெருகிக் கரையைச் சுற்றிப் பரவப் பரவ, நியூட்டுகள் எஞ்சியிருக்கும் இடங்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. கரையோரப் பூச்சிகளை இறால்கள் தின்றுவிடுவதனால் அங்கே பாசி மிகுவதையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

தெளிவு குறைந்துவருகிறதோ என்ற அச்சம் 1980-களின் தொடக்கத்திலேயே எழுந்து, பத்தாண்டு ஆராய்ச்சி நடத்தும்படி 1982-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமியற்றியது. விளிம்பிலுள்ள விடுதிகளின் கழிவுநீர் மண்ணில் ஊறி ஏரிக்குள் இறங்குகிறதோ என்ற சந்தேகத்தின்பேரில், அக்கழிவுநீரை வெளியேற்றும் ஏற்பாடும் 1990-களின் தொடக்கத்தில் அப்பால் மாற்றப்பட்டது. தெளிவு ஆண்டுக்காண்டு ஏறியிறங்குகிறதேயன்றித் தொடர்ந்து குன்றவில்லை என்று அந்த ஆராய்ச்சி கண்டது. ஆயினும் ஒவ்வொரு கோடையிலும் அந்தத் தட்டை இறக்கி அளந்துவருகிறார்கள். மீன் பிடிப்பவருக்கு அங்கே அனுமதிச்சீட்டு வேண்டியதில்லை, எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஆனால் உயிருள்ள இரையைத் தூண்டிலில் கோத்து இறக்கலாகாது. சொந்தப் படகையும், வேறு நீர்நிலைகளில் பயன்பட்ட நீச்சல் கருவிகளையும் கொண்டுபோகவும் இடமில்லை. இவ்விதிகள் அளவுக்கு மிஞ்சிய கண்டிப்பு என்று முணுமுணுக்கும் பிரயாணிகள் உண்டு. வாளியில் சுமந்து வந்த சிறு குஞ்சுகளிலிருந்து தொடங்கிய மாற்றம் எங்கே வந்து நிற்கிறது என்பதை அறிந்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை. மீன்கள் விடுவதை 1941-இல் நிறுத்திவிட்டார்கள். இறால்களை அந்த ஏரியிலிருந்து அகற்றும் வழியைத்தான் ஒருவரும் இன்னும் காணவில்லை.